முகாமில் போட்டுக் காட்ட உடல்நல வீடியோ: கேமரா இருக்கிறது, யோசனைதான் வேண்டும்

பவானிக்கரை | ஞாயிறு இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் நான்கு பேர், சமூகப்பணி படித்தவர்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. (2021இலிருந்து அரசுக் கணக்கில் அது மறுவாழ்வு முகாம். ஊரில் இன்னும் பழைய பெயர்தான் ஓடுகிறது.) மூன்று வருடமாக அங்கே பிள்ளைகளுக்கு மாலை டியூஷன் எடுக்கிறோம். தெரிந்தவர் ஒருவர் நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்து, "உடம்பு விஷயமா ஏதாவது உருப்படியா செய்யுங்க" என்று சொல்லியிருக்கிறார்.

நோட்டீஸ் அடித்தால் மறுநாள் அதில் வடை மடித்துக் கொடுப்பார்கள். அதனால் வீடியோ என்று முடிவு செய்திருக்கிறோம். கை கழுவுவது, வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ்., டெங்கு, ரத்தசோகை, காசநோய், பிரஷர் என்று ஆறு தலைப்பு, ஒவ்வொன்றும் பத்து நிமிடம். டாக்டர் ஒருவர் பேசித்தர ஒப்புக்கொண்டிருக்கிறார். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதுமா, திரை கட்டிப் போட வேண்டுமா? இரண்டு பக்கமும் தமிழ்தான் என்பதால் மொழிச் சிக்கல் வராது என்று நினைக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஒலிப்பதிவாளன் | ஞாயிறு இரவு 10.15

பணத்தைக் கேமராவில் போட்டுவிடாதீர்கள். கையில் இருக்கும் போனே போதும். சட்டையில் குத்தும் மைக் ஒன்றும், நல்ல ஸ்பீக்கர் ஒன்றும் வாங்குங்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் மன்னிப்பார்கள், பேச்சு கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள். பின்னணி இசை வேண்டவே வேண்டாம். வீணையும் புல்லாங்குழலும் போட்டு நடுவில் டாக்டரை முணுமுணுக்க விட்ட வீடியோக்களை எடிட் செய்து சம்பளம் வாங்கியவன் சொல்கிறேன்.

முகாம்_பொடியன் | திங்கள் காலை 6.20

பவானிக்கரை அக்கா, நான் முகாமில் பிறந்தவன், வேறு மாவட்டம். வயது 29. பி.காம். முடித்துவிட்டு பெயிண்ட் அடிக்கிறேன். எங்கள் லைனில் பாதி ஆண்களுக்கு அதுதான் தொழில். கோபப்படாமல் படியுங்கள்.

எங்களுக்குக் கை கழுவச் சொல்லித் தராத ஆளே கிடையாது. பள்ளிக்கூடம், தொண்டு நிறுவனம், கொரோனா நேரத்தில் போலீஸ். விரல் இடுக்கு, நக இடுக்கு எல்லாம் மனப்பாடம். எங்கள் குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வரும், அதற்கு வீடியோ கிடையாது.

எங்களைக் கேட்டிருந்தால் வேறு தலைப்பு சொல்லியிருப்போம். சுவரில் பூசிய பட்டியை (பெயிண்டுக்கு முன் பூசும் வெள்ளை மாவு) தேய்க்கும்போது மூக்கு, வாய், புருவம் எல்லாம் வெள்ளையாகத்தான் வீட்டுக்கு வருவோம். கைக்குட்டை கட்டினால் போதுமா, கடையில் தொங்கும் பத்து ரூபாய் மாஸ்க் போதுமா? தின்னர் ஊற்றித்தான் கை கழுவுகிறோம், அது சரியா? இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை.

அப்புறம் மொழி. என் அம்மம்மா 1990இல் படகில் வந்தவர். அவர் "எனக்கு ரெண்டு நாளா வருத்தம்" என்றால் உடம்பு முடியவில்லை என்று அர்த்தம். ஒரு முறை ஆஸ்பத்திரியில் இப்படிச் சொன்னதும் டாக்டர், "ஏம்மா, வீட்டில சண்டையா?" என்று ஆறுதல் சொல்லத் தொடங்கிவிட்டார். அம்மம்மாவுக்கு அன்றைக்கு 102 டிகிரி காய்ச்சல்.

ஓய்வுபெற்ற_செவிலி | திங்கள் காலை 11.05

முதலில் பொடியனுக்குப் பதில், அதைத்தான் யாரும் சொல்லவில்லை என்கிறாரே.

தம்பி, கைக்குட்டை நுண்ணிய தூசியைத் தடுக்காது. அந்த மெல்லிய மாஸ்க்கும் ஓரம் வழியாக உள்ளே விட்டுவிடும். முகத்தோடு ஒட்டி உட்காரும் என்95 வகை வேண்டும், தாடி இருந்தால் அதுவும் சரியாக உட்காராது. முடிந்தவரை சுவரை நனைத்துவிட்டுச் சுரண்டுங்கள், தூசி பறப்பது குறையும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் இவ்வளவுதான் இருக்கலாம் என்ற கடும் வரம்பு 2017 நவம்பரில்தான் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதனால் பழைய வீட்டுச் சுவர் என்றால் கூடுதல் கவனம். ஈயம் சின்னப் பிள்ளைகளின் மூளையைத்தான் முதலில் பதம் பார்க்கும். வேலை உடுப்போடு பிள்ளையைத் தூக்காதீர்கள், குளித்துவிட்டுத் தூக்குங்கள். தின்னரில் கை கழுவாதீர்கள், அது தோல் வழியாகவே உள்ளே போகும். தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துணியால் துடைத்துவிட்டு, பிறகு சோப்பு.

இனி ஓ.ஆர்.எஸ். வீடியோ. நான் வேலை பார்த்த வார்டில் ஒரு முறை 9 மாதக் குழந்தையைக் கொண்டுவந்தார்கள். வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது, ஆனால் குழந்தை ஒரே சிடுசிடுப்பு, தாகம் அடங்கவில்லை, உடம்பு கொதிக்கிறது. ரத்தம் பார்த்தால் உப்பு ஏகத்துக்கும் ஏறியிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. "ஓ.ஆர்.எஸ். குடுத்தியாம்மா?" என்றால், "வீடியோவில காட்டினபடியேதான் குடுத்தேன்" என்று அழுகிறாள். எப்படிக் கலக்கினாய், செய்து காட்டு என்றேன். பாக்கெட்டைப் பல்லால் கிழித்தாள், முழுசையும் ஒரு எவர்சில்வர் டம்ளரில் கொட்டினாள், டம்ளர் நிறையத் தண்ணீர் ஊற்றி ஸ்பூனால் கலக்கினாள். பாக்கெட் ஒரு லிட்டருக்கானது. டம்ளர் இருநூறு மில்லி.

அவள் பார்த்த வீடியோவை நானும் பார்த்தேன், காத்திருக்கும் கூடத்தில் ஓடிக்கொண்டேதான் இருந்தது. அதில் ஒரு கண்ணாடிக் குடுவை. பக்கத்தில் கோடு போட்டிருக்கும், ஆய்வுக்கூடத்தில் இருப்பது போல. அது ஒரு லிட்டர் என்று குரல் சொன்னது, கூடத்துச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. பாக்கெட்டைக் கொட்டிக் கலக்குவது மட்டும் கண்ணில் பதிந்திருக்கிறது. வீட்டில் குடுவை இல்லை, டம்ளர் இருந்தது. அவ்வளவுதான் நடந்தது. குழந்தை பிழைத்துக்கொண்டது, ஆனால் அந்த இரண்டு ராத்திரியை நான் மறக்கவில்லை.

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் காட்டுங்கள். காலி பாட்டில் இல்லாத வீடு இன்றைக்குக் கிடையாது. துத்தநாக மாத்திரையையும் விடாதீர்கள், பேதி நின்றாலும் 14 நாள் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் பாதி அளவு.

ரொறன்ரோ_கிழவன் | திங்கள் இரவு 8.30

"இரண்டு பக்கமும் தமிழ்தான்" என்ற வரியைப் படித்துச் சிரித்தேன் பிள்ளை. ஒரு சின்னப் பட்டியல் தருகிறேன், குறித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு மாத்திரை இல்லை, குளிசை. கொசு இல்லை, நுளம்பு. வாந்தியைச் சத்தி என்போம். சளி பிடித்தால் தடிமன். மஞ்சள் காமாலை செங்கமாரி. இழுப்பு (ஆஸ்துமா) என்று நீங்கள் சொல்வது முட்டு. டைபாய்டு நெருப்புக் காய்ச்சல். சர்க்கரை நோயைச் சலரோகம் என்று சொன்ன கிழடுகள் இன்னும் இருக்கிறார்கள். வயிற்றுப்போக்கு என்றால் விளங்கும், ஆனால் வயிற்றோட்டம் என்றால்தான் எங்கட ஆள் கதைக்கிறார் என்று நிமிர்ந்து உட்காருவார்கள். வீடியோ முழுக்க முழுக்க ஈழத் தமிழில் இருக்க வேண்டும், அதுதான் மரியாதை.

முகாம்_பொடியன் | செவ்வாய் காலை 6.10

ஐயா, மரியாதை சரி. ஆனால் குளிசை என்று என் தங்கச்சி மகளிடம் சொன்னால் "அப்படின்னா?" என்று கேட்பாள். எங்கள் வீட்டில் மூன்று தமிழ் ஓடுகிறது. அம்மம்மாவுக்கு நுளம்பு, அம்மாவுக்கு இரண்டும், எங்களுக்குக் கொசு. நாங்கள் தெருவில் இறங்கினால் ஈரோட்டுக்காரன் போலவும் வீட்டுக்குள் வந்தால் வவுனியாக்காரன் போலவும் பேசுகிறவர்கள். டாக்டரிடம் போய் "சத்தி எடுத்தது" என்று சொன்னால் அவருக்கு விளங்காது. அதனால் வாந்தி என்ற சொல்லையும் எங்கள் கிழவிகளுக்குக் கற்றுத்தர வேண்டியிருக்கிறது.

ரொறன்ரோ_கிழவன் | செவ்வாய் இரவு 7.55

நாற்பது வருடம் முன் விட்டுவந்த ஊரை நான் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன் போல. சரி தம்பி, நீர் சொல்வது ஞாயம். இரண்டு சொல்லையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னால் என்ன?

கடலோரம் | செவ்வாய் இரவு 10.40

இரண்டு சொல்லையும் சேர்த்துச் சொல்வது நல்ல வழி. நான் வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில், மியான்மரிலிருந்து தப்பி வந்த ரோஹிங்கியாக்களின் முகாம்களில் செவிலியாக இருந்தவள். அங்கே மொழிபெயர்ப்பாளர்கள் பெரும்பாலும் பக்கத்துச் சிட்டகாங் வட்டாரத்துக்காரர்கள். சிட்டகாங் பேச்சும் ரோஹிங்கியா பேச்சும் கிட்டத்தட்ட ஒரே மொழி என்று சொல்லித்தான் வேலைக்கு வைப்பார்கள். ரோஹிங்கியாக்கள் வயிற்றோட்டத்துக்கு "கா லாமானி" என்பார்கள், சொல்லுக்குச் சொல் எடுத்தால் உடம்பு கீழே விழுகிறது என்று வரும். கேட்டவர் மயக்கம் என்று எழுதிவிட்டால் மருந்தே மாறிவிடும். பக்கத்து மொழிதான் ஆபத்து. புரிந்துவிட்டது என்று இரண்டு பேரும் நம்பிவிடுவார்கள்.

அவர்களுக்கு எல்லோரும் படிக்கும் ஒரு பொது எழுத்தும் இல்லை. அதனால் ஒலியும் படமும்தான் வழி. ஆனால் 2019 செப்டம்பர் தொடங்கி அடுத்த ஆகஸ்டு கடைசி வரை முகாம்களில் வேகமான மொபைல் இணையத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். கொரோனா வந்த நேரம் அது. யூடியூப் இணைப்பு அனுப்பி என்ன செய்வது? சின்ன மெமரி கார்டில் ஏற்றி, போனிலிருந்து போனுக்குக் கைமாற்றி விட்டோம். உங்கள் முகாமில் இணையம் இருக்கலாம், ஆனால் மாதக் கடைசியில் ரீசார்ஜ் இருக்குமா என்று பாருங்கள். ஒரு வீடியோ 15 எம்.பி.யைத் தாண்டினால் பலர் திறக்கவே மாட்டார்கள்.

பழைய_ஏடு | புதன் மாலை 4.30

ஓ.ஆர்.எஸ். பற்றி இவ்வளவு பேசிவிட்டு அதன் கதையைச் சொல்லாமல் விடலாமா? அது அகதி முகாமில் பேர் வாங்கிய மருந்து.

1971, வங்கதேசப் போர். எல்லை தாண்டி வந்தவர்கள் மேற்கு வங்கத்தில் பன்காவ் ஆஸ்பத்திரிக்கு வந்து குவிகிறார்கள். காலரா. தரையெல்லாம் ஆட்கள், நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டு வருகிறது. கொல்கத்தாவிலிருந்து போன திலீப் மஹலானபிஸ் என்ற டாக்டர் குளுக்கோஸ், உப்பு, சோடா உப்பு மூன்றையும் எடை போட்டுப் பையில் அடைத்துக் கொண்டுவரச் செய்தார். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் உப்பு, இரண்டரை கிராம் சோடா உப்பு. குழாய் வைத்த டிரம்மில் கரைத்து வைத்தார்கள். நோயாளியின் அம்மாவும் அண்ணனும் குவளையில் பிடித்துப்போய்ப் புகட்டினார்கள். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் அது நான்குக்கும் கீழே இறங்கியது. ஊசி போடத் தெரியாத சொந்தக்காரர்கள் கையில் மருத்துவத்தைக் கொடுத்ததற்காக அப்போது அவரைப் பலர் திட்டினார்கள். 2022இல் காலமானார். அடுத்த வருடம்தான் பத்ம விபூஷண்.

இதைவிட எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. 1980 முதல் 1990 வரை வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் வீடு வீடாகப் பெண்களை அனுப்பி, மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் (கிட்டத்தட்ட அரை லிட்டர்) தண்ணீர் என்று சொல்லிக்கொடுத்தது. ஒரு கோடியே இருபது லட்சம் வீடுகள். சொல்லிக்கொடுத்த பெண்ணுக்குச் சம்பளம் எத்தனை வீடு போனாள் என்பதை வைத்து இல்லை. கொஞ்ச நாள் கழித்து வேறு ஒருவர் போய்ச் சில வீடுகளில் கேட்பார், செய்து காட்டச் சொல்வார். அந்த அம்மாவுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ அதற்கேற்பச் சம்பளம்.

வீடியோ எடுப்பவர்களுக்கும் இப்படிச் சம்பளம் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒலிப்பதிவாளன் | புதன் மாலை 5.02

நான் பட்டினி கிடப்பேன்.

கணக்குப்பிள்ளை | புதன் இரவு 9.20

எல்லோரும் எடுப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். பார்த்தால் மாறுகிறார்களா என்பதற்குக் கணக்கு இருக்கிறது, அதையும் பார்த்துவிடலாம்.

2006இல் பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவில் ஒரு சின்ன முயற்சியாகத் தொடங்கி, 2008இல் தனி அமைப்பானது டிஜிட்டல் கிரீன். விவசாயிகளுக்கு வீடியோ. டாக்டரோ அதிகாரியோ பேச மாட்டார், அந்த வட்டாரத்து விவசாயியே செய்து காட்டுவார். பேட்டரியில் ஓடும் உள்ளங்கை அளவு ப்ரொஜெக்டர், சுவரில் ஒரு துணி, இருபது பேர். வீடியோ எட்டுப் பத்து நிமிடம்தான், ஆனால் கூட்டம் ஒரு மணி நேரம். உள்ளூர்ப் பெண் ஒருத்தி பக்கத்தில் நின்று நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்பாள், அடுத்த முறை வந்து யார் செய்து பார்த்தீர்கள் என்று எழுதிக்கொள்வாள்.

இதை ஊட்டச்சத்துக்குத் திருப்பி, ஒடிசாவின் கேந்துஜர் மாவட்டத்தில் 148 கிராமத் தொகுப்புகளில் பெரிய ஆய்வு நடந்தது. 2021இல் முடிவு வந்தது. ஊட்டச்சத்து வீடியோ காட்டிய இடங்களில் பிள்ளைகளின் தட்டில் வகை கூடியது. ஆனால் பிள்ளைகளின் மெலிவு குறையவில்லை, தாய்மாரின் எடையும் ஏறவில்லை. இத்தனைக்கும் அது உருப்படியாக நடந்த திட்டம், ஆளும் பணமும் இருந்தது. ஆகவே உங்கள் நாற்பதாயிரத்தில் ரத்தசோகை ஒழியாது. "பாட்டிலில் கலக்கினார்களா, டம்ளரில் கலக்கினார்களா" என்று எண்ணிப் பார்க்கக்கூடிய ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பவானிக்கரை | வியாழன் இரவு 10.10

படிக்கப் படிக்கத் தலைப்புப் பட்டியல் கரைந்துகொண்டே போகிறது. கை கழுவுவதை எடுத்துவிட்டேன். ரத்தசோகையையும் எடுத்துவிட்டேன். பெயிண்டர் வீடியோவைச் சேர்த்தேன், அது மட்டும் நாங்களாக யோசித்திருந்தால் வந்திருக்காது. டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை, அவர் புதுச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டார்.

காசநோய் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே? நோயாளியாக நடிக்க முகாமிலேயே ஒரு அக்கா ஒத்துக்கொண்டிருக்கிறார்.

தாமரைக்கொடி | வெள்ளி காலை 7.45

அந்த அக்காவை நடிக்க வைக்காதீர்கள். தயவுசெய்து.

நான் முகாமில் இருக்கிறவள், எந்த மாவட்டம் என்று சொல்லவில்லை. சில வருடம் முன் ஒரு தொண்டு நிறுவனத்தினர் வந்து இதே மாதிரி வீடியோ எடுத்தார்கள். என் சித்தி மகள் நன்றாகப் பேசுவாள், அவளை இருமச் சொல்லி, முகமூடி போட்டு, மாத்திரை சாப்பிட வைத்து எடுத்தார்கள். ஒரு சேலையும் ஐந்நூறு ரூபாயும் கொடுத்தார்கள். எங்கள் முகாமில் போட்டபோது எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு அதே வீடியோ வேறு முகாம்களுக்குப் போனது. அங்கே யாருக்கும் அவளைத் தெரியாது. ஆறு மாதம் கழித்துச் சம்பந்தம் பேச வந்தவர்கள் போனை எடுத்துக் காட்டி, "இது உங்கட பிள்ளைதானே" என்று கேட்டார்கள். நடிப்பு என்று சித்தி சொல்லிப் பார்த்தார். நடிப்பு என்றால் ஏன் உண்மையான மாத்திரை அட்டையைக் கையில் வைத்திருக்கிறாள் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

வீடியோவை எடுத்துவிடச் சொல்லி அந்த நிறுவனத்துக்குப் போன் செய்தோம். எடுத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். எங்கள் வாழ்க்கையில் பதிவு, அட்டை, அனுமதி எல்லாமே யாரோ ஒருவர் கையில் இருக்கிறது. முகமாவது எங்களிடம் இருக்கட்டும்.

ஓய்வுபெற்ற_செவிலி | வெள்ளி காலை 10.30

தாமரைக்கொடி, படித்து மனது கனத்துப் போய்விட்டது அம்மா.

பவானிக்கரை, காசநோய்க்குப் பொம்மை வைத்து எடுங்கள், அல்லது கைகளை மட்டும் காட்டுங்கள். சொல்ல வேண்டியது மூன்று வரிதான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை, அது இலவசம். மருந்து பெரும்பாலும் ஆறு மாதம், நடுவில் நிறுத்தக்கூடாது. மருந்து சரியாக வேலை செய்யத் தொடங்கிவிட்டால், இரண்டு வாரம் போலக் கடந்த பிறகு அடுத்தவருக்குத் தொற்றுவது வெகுவாகக் குறைந்துவிடும், தட்டு டம்ளரைத் தனியாக வைக்கத் தேவையில்லை. மூன்றாவதைத்தான் யாரும் வீடியோவில் சொல்வதில்லை. சித்தி மகளுக்கு நடந்தது அதனாலும்தான்.

ரொறன்ரோ_கிழவன் | வெள்ளி இரவு 8.15

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மண்டபம் முகாமை நினைத்துக்கொண்டேன். கடல் தாண்டி வந்தவர்கள் முதலில் இறங்கிப் பதிகிற இடம். அந்த முகாமே வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் கூலிகளை நோய் இருக்கிறதா என்று தடுத்து நிறுத்திப் பார்க்கக் கட்டியது. போகும்போதும் அங்கே, வரும்போதும் அங்கே. எங்களை எப்போதும் நோயோடு சேர்த்தே பார்த்திருக்கிறார்கள். வீடியோவின் தலைப்பில் "அகதிகளுக்கான" என்று போட்டுவிடாதீர்கள். டம்ளரில் கலக்குவது அகதி மட்டுமா?

பவானிக்கரை | சனி மாலை 6.00

தாமரைக்கொடி அக்கா, நன்றி. அந்த யோசனையைக் கைவிட்டுவிட்டோம்.

இன்னொரு சந்தேகம். எல்லோரும் முகாமில் இருக்கும் நாள் மாதத்தில் ஒன்றுதான், உதவித்தொகைக்காகச் செக்கிங் நடக்கும் நாள். பெயிண்டிங் போகிறவர்கள்கூட அன்று இருப்பார்கள். அன்றைக்கே திரையைக் கட்டினால் ஒரே தடவையில் வேலை முடியும் என்று எங்கள் குழுவில் சொல்கிறார்கள்.

முகாம்_பொடியன் | சனி இரவு 9.30

வேண்டாம் அக்கா. அன்றைக்கு வரிசையில் நின்று, பெயர் கூப்பிட்டு, ஆள் இருக்கிறாரா என்று பார்த்துத்தான் பணம். அன்று மேசை போட்டு யார் எதைச் சொன்னாலும் எங்கள் காதுக்கு அது உத்தரவுதான். பார்க்காவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்களோ என்று கிழவிகள் முன்வரிசையில் உட்காருவார்கள், ஒன்றும் மண்டையில் ஏறாது.

கணக்குப்பிள்ளை | சனி இரவு 10.05

இதில் பொடியனோடு ஒத்துப்போக முடியவில்லை. ஆண்களை வேறு எப்போது பிடிப்பீர்கள்? தூசி வீடியோ யாருக்கு, பெயிண்டர்களுக்குத்தானே?

முகாம்_பொடியன் | ஞாயிறு காலை 6.40

பெயிண்டர்களுக்குத் திரையே வேண்டாம் அண்ணா. காலை ஏழு மணிக்கு வேனுக்காக டீக்கடையில் நிற்போம், இருபது நிமிடம். போனில் மூன்று நிமிட வீடியோ என்றால் அங்கேயே நாலு பேர் தலையைச் சேர்த்துப் பார்த்துவிடுவோம். மேஸ்திரி பார்த்தால் இன்னும் நல்லது, மாஸ்க் வாங்கித் தர வேண்டியவர் அவர்தான். பெண்களுக்கு மத்தியானம் மூன்று மணி. ராத்திரி சீரியலோடு மோதி யாரும் ஜெயித்ததில்லை.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு காலை 8.00

டீக்கடை எனக்குத் தோன்றவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற_செவிலி | ஞாயிறு மதியம் 1.15

டெங்குவுக்கு ஒரு குறிப்பு, மறந்துவிட்டேன். தண்ணீர் ஒரு நாள் விட்டு வந்தால் டிரம்மில் பிடித்துத்தான் வைப்பார்கள், பிடிக்காதே என்று சொல்லிப் பயனில்லை. டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், பகலில்தான் கடிக்கும். முட்டை டிரம்மின் உள்சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். வெறுமனே கவிழ்த்து ஊற்றினால் போகாது, வாரம் ஒரு முறை நாரால் தேய்க்க வேண்டும். தேய்ப்பதைக் காட்டுங்கள். மேலே பழைய வேட்டியைக் கட்டிக் கயிறு போட்டு இறுக்குவதையும் காட்டுங்கள்.

பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, மக்களைத் தேடி மருத்துவம் 2021இலிருந்து நடக்கிறது. அதற்கு வீடியோவைவிட, மாத்திரை கொண்டுவரும் தன்னார்வப் பெண்ணை முகாமில் எல்லோருக்கும் அறிமுகப்படுத்தி வைத்தாலே போதும்.

பவானிக்கரை | ஏழு வாரம் கழித்து, ஞாயிறு இரவு 9.50

இழையை மேலே கொண்டுவருகிறேன். இரண்டு வீடியோதான் எடுத்திருக்கிறோம், ஓ.ஆர்.எஸ். ஒன்று, தூசி ஒன்று. டாக்டர் பேசவில்லை, எழுதியதைச் சரிபார்த்துக் கொடுத்தார். சட்டையைத் தீபாவளிக்கு வைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

ஓ.ஆர்.எஸ். வீடியோ நான்கு நிமிடம். முகம் வராது, இரண்டு கைகள் மட்டும். குரல் முகாமில் இருக்கும் ஒரு அம்மாவுடையது. "வயிற்றோட்டம், இங்கத்தை ஆக்கள் வயித்துப்போக்கு எண்டு சொல்லுவினம்" என்று அவரே சேர்த்துக்கொண்டார், நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லை.

போன புதன்கிழமை மூன்று மணிக்குச் சர்ச் திண்ணையில் போட்டோம். 23 பேர். பாக்கெட்டைக் காட்டியதும் நிறுத்தி, இது எவ்வளவு தண்ணீருக்கு என்று கேட்டேன். ஒருவர் ஒரு டம்ளர் என்றார், இன்னொருவர் சொம்பு. செவிலியம்மா சொன்னது கண்முன்னால் நடந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி எழுந்து, "இது ஜீவனிதானேடி, ஒரு லீற்றர்" என்றார். இலங்கையில் இதே சரக்கு ஜீவனி என்ற பெயரில் வருமாம். அதற்கு மேல் எங்களுக்கு வேலை இல்லை. பாட்டியே முன்னால் வந்து பாட்டிலை வாங்கிக் கலக்கிக் காட்டினார், கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்று வீடியோ சொல்வதற்கு முன்பே சொல்லிவிட்டார். கரண்டி கரண்டியாகத்தான் கொடுக்க வேண்டும் என்று மருமகளைத் திட்டவும் செய்தார். வீடியோவின் மீதி இரண்டு நிமிடத்தை யாரும் பார்க்கவில்லை.

இன்று பன்னிரண்டு வீட்டுக்குப் போய்க் கலக்கிக் காட்டச் சொன்னோம். ஒன்பது வீட்டில் பாட்டில். இரண்டு வீட்டில் டம்ளரால் ஐந்து தடவை அளந்து ஊற்றினார்கள், அதுவும் கணக்கு சரி. ஒரு வீட்டில் மட்டும் பாக்கெட்டில் பாதியை எடுத்து வைத்துக்கொண்டு பாதியைக் கலக்கினார், மீதி நாளைக்காம்.

தூசி வீடியோ டீக்கடையில் ஓடுகிறது. மேஸ்திரி ஒருவர் நான்கு மாஸ்க் வாங்கியிருக்கிறார், பதினொரு பேருக்கு.

ஓ.ஆர்.எஸ். வீடியோவை இங்கே இணைத்திருக்கிறேன், 11 எம்.பி. பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ரொறன்ரோ_கிழவன் | ஞாயிறு இரவு 11.20

"லீற்றர்." அந்த ஒரு சொல்லுக்காக மூன்று முறை படித்தேன்.

ஒலிப்பதிவாளன் | திங்கள் காலை 9.10

குரல் சுத்தமாக இருக்கிறது, மைக் வாங்கியதற்கு நன்றி. இரண்டாவது நிமிடம் பதினான்காவது நொடியில் நிறுத்திப் பாருங்கள். பாட்டிலைப் பிடித்திருக்கும் கையின் கட்டைவிரல் சரியாக "1 லிட்டர்" என்று எழுதியிருக்கும் இடத்தை மறைக்கிறது.

பவானிக்கரை | திங்கள் காலை 9.25

ஐயோ. இத்தனை பேர் பார்த்தோம். புதன்கிழமை மறுபடி எடுக்கிறோம், கையை அடியில் பிடிக்கச் சொல்கிறேன்.